ஒரு நாளைக்குப் பத்து வாங்கு

அன்பு மகன், அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகளும் சின்னவரும் சுகமா இருக்க அல்லாஹ்விட்டக் கேக்கிறன். நாங்களும் சுகம்தான். உன்ட உம்மாக்கு முழங்காலும் எனக்கு வாயும் பழையபடிதான், ரெண்டுக்கும் மருந்தில்ல. புள்ளைக்கு நாப்பது நாள் கழியட்டும், பொறகு எழுதுவம் எண்டுதான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தன். நான் ஒரு பொய் சொல்லியிருக்கன் மகன். அண்டு கொம்பியூட்டருக்குள்ளால புள்ளைட காதுல தொழுகை வாங்கு சொல்லிக்கொண்டு போகக்குள்ள பாதியில என்ட சத்தம் நிண்டதே, ஞாபகம் இருக்கா? நீ அங்க இருந்து "வாப்பா, கேக்குதா? நெட் கட்டாயிட்டா?" எண்டு கத்தினாய். பொறகு போன்ல கேக்கக்குள்ள "ஓம் மகன், வயர் லூசு" எண்டு நானும் சொல்லிட்டன். வயர் லூசாகல்ல. நெட்டும் நல்லாத்தான் இருந்தது. என்ன நடந்தது எண்டு சொல்லுறதுக்கு எனக்குக் கொஞ்சம் சுத்திப்போக வேணும். பொத்துவில் பஸ்ஸில கொண்டக்டராக் காலம் தள்ளினவன் நான். நேராப் போகச் சொன்னாலும் ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் நிண்டுதான் போவன்.

நம்மட ஊருப் பழக்கம் உனக்குத் தெரியும். ஊடு பொம்புளப் புள்ளைக்கு. ஆம்புளப் புள்ள கலியாணம் முடிச்ச கையோட உடுப்புப் பெட்டியத் தூக்கிக்கொண்டு பொஞ்சாதி ஊட்டுக்குப் போறவன். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதுல இருந்து கல்முனைக்கு வந்து உன்ட உம்மாட ஊட்டுல குந்தினவன். உன்ன அட்டாளைச்சேனைக்கு அனுப்பக்குள்ள உன்ட உம்மா ஒரு வாளி அழுதா. நான் அழல்ல. எதுக்கு அழ? அது என்ட பஸ் ஓடுற ரோட்டு. காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை எண்டு கூப்பிட்டுக்கொண்டு வந்தா அடுத்தது நீ. உன்ட மாமியாரூட்டு கேற்றடியில பஸ்ஸக் கொஞ்சம் மெதுவாக்கச் சொல்லி றைவருக்கு ஒரு தட்டுத் தட்டுவன். நீ நிப்பாய், நிக்காம விடுவாய், கேற்றாவது தெரியும். அது போதும் எனக்கு. பொறகு நீ மருமகளையும் கூட்டிக்கொண்டு டோஹாக்குப் போனாய். அங்க என்ட பஸ் போகாதே மகன். பயணம் சொல்லக்குள்ள நீ உன்ட பழைய கொம்பியூட்டர மேசையில பூட்டித் தந்து, "வாப்பா, நாம கொண்டு திரியுற போன்ல அங்கத்த ஆக்களோட முகம் பாத்துக் கதைக்க வராது, இதுலதான் வரும், இத அமத்தினா நான் தெரிவன்" எண்டு காட்டித் தந்தாய். நானும் சரி எண்டு தலைய ஆட்டினன். ஆனா வெள்ளிக்கு வெள்ளி ஒருக்காத் தெரியுற முகம் மனிசனுக்குக் காணுமா?

அப்பதான் ஒரு நாள் அந்த வாங்குப் புரோகிராமக் கண்டன். சும்மா எதையோ தேடக்குள்ள பச்சை நிறத்துல ஒரு மினாரா வந்து, உங்கள் ஊரில் ஐந்து நேரமும் தொழுகைக்கு வாங்கு சொல்லும், இலவசம் எண்டு நிண்டது. இலவசம் எண்டா நம்மட கை சும்மா இருக்குமா? அமத்தினன். எந்த ஊரு எண்டு கேட்டது. கல்முனை எண்டு எழுதப் போனவன் கைய எடுத்திட்டன். கல்முனைக்குப் பள்ளி இருக்கு, வாங்கு சொல்ல மோதினார் இருக்காரு, கொம்பியூட்டர் என்னத்துக்கு? டோஹா எண்டு எழுதினன். அண்டையில இருந்து நம்மட ஊட்டுல ஒரு நாளைக்குப் பத்து வாங்கு. அஞ்சு நமக்கு, அஞ்சு உனக்கு. முத்தத்துல வெயில் விழுந்து கோழி மேயுற நேரத்துல உன்ட சுபஹ் வரும். உன்ட உம்மா அடுப்படியில இருந்தபடியே "எழும்பு மகன், சுபஹாயிட்டு" எண்டு மேசையப் பாத்துச் சொல்லுவா. நாங்க சோறு திண்டு போட்டுக் கண்ணு சொருகுற நேரம் உன்ட லுஹர். நம்மட பொழுது கடல் பக்கம் கறுத்து, இஷாவும் தொழுது, கோப்பையோட குந்தியிருக்கக்குள்ள உன்ட மஃரிப் வரும். அப்ப ஜன்னலுக்கு வெளியில இருட்டு, உள்ளுக்கு உன்ட ஊரு அந்தி. எங்களுக்கு ஒண்டும் குழப்பமாத் தெரியல்ல. ஒரே நாள ரெண்டு தரம் தாறான் ரப்பு எண்டு உன்ட உம்மா சொல்லுவா. கனவுக்குள்ள நடமாடுற மாதிரித்தான் அந்த மாதங்கள் போச்சு. நீ தூரத்துல இருக்கிறாய் எண்ட நினைப்பே சில நேரம் வராது.

கொம்பியூட்டருக்குத்தான் பேய் புடிச்சது. எந்தப் பக்கத்தத் திறந்தாலும் நான் கேக்காத வேற பக்கம் திறந்தது. உங்களுக்குப் பரிசாக் கார் விழுந்திருக்கு எண்டது. வயிறு குறைக்கிற எண்ணெய் எண்டது. ஒரு நாள் பள்ளித் தலைவர் ஏதோ அறிவித்தல் அடிக்க வந்து கதிரையில இருக்காரு, உன்ட அஸர் வாங்கு கணீரெண்டு சொல்லுது, அதே நேரம் பாதி உடுப்போட ஒரு பொம்புள திரை நிறைய வந்து சிரிக்கிறாள். நான் தொப்பியக் கழட்டித் திரைய மூடினன். மனிசன் அறிவித்தலும் வேணாம் ஒண்டும் வேணாம் எண்டு எழும்பிப் போயிட்டாரு. நீ போட்டுத் தந்த வைரஸ் புடிக்கிற புரோகிராம் சும்மா இருக்கல்ல மகன், அதுட பக்கம் நியாயம் சொல்லத்தான் வேணும். சிவப்பெழுத்துல, இந்த வாங்குப் புரோகிராம்தான் கள்ளன், இதுக்குள்ள ஒளிஞ்சிருந்துதான் மத்ததெல்லாம் வருது, அழிக்கவா விடவா எண்டு கேட்டது. அஸ்தஃபிருல்லாஹ்! வாங்கு சொல்லுறதக் குப்பைத் தொட்டிக்குள்ள போடுறதா? 'விடு' எண்டதுல அமத்தினன். அது அடுத்த நாளும் கேட்டது. நான் அடுத்த நாளும் விட்டன். உன்ட உம்மாட்டக் கேட்டன். "அது பாவம், வாங்கு சொல்லிக்கொண்டு தன்ட பாட்டுல கிடக்குது, அதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க" எண்டா. பாம்புக்குப் பால் வார்த்தம் மகன், அதுவும் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு வார்த்தம். நீயும் இப்ப ஒரு புள்ளைக்கு வாப்பா, அதனால சொல்லுறன். கெட்டது கெட்ட முகத்தோட வந்தா ஆரும் கதவத் திறக்கமாட்டாங்க. உனக்கு எதுல ஆசையோ அந்தச் சத்தத்துலதான் அது வந்து கூப்பிடும்.

அப்படி இருக்கக்குள்ளதான் உன்ட போன் கோல் வந்தது. "வாப்பா, ஆம்புளப் புள்ள!" உன்ட உம்மா அகப்பையோட ஓடி வந்து போனப் பறிச்சா, நான் அவட கையில இருந்து பறிச்சன். பேறு பாக்குறது பொண்ணு ஊட்டுப் பங்கு, உன்ட மாமி முந்தியே டோஹாக்கு வந்து நிண்டா, அதுல எங்களுக்கு ஒரு கதையும் இல்ல. ஆனா மூத்த புள்ளைட காதுல வாங்கு சொல்லுறது மட்டும் நம்மட குடும்பத்துல வாப்பாட வாப்பாட பங்கு. அத நீ மறக்கல்ல. "வாப்பா, நீங்கதான் சொல்லணும், கொம்பியூட்டரப் போடுங்க" எண்டாய். அந்தச் சொல்லுக்காக உனக்கு நான் எத்தின தரம் துஆச் செய்திருப்பன் தெரியுமா? உன்ட உம்மா நக்கலடிச்சா. "பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்ட தொண்ட. புள்ள வாங்கெண்டு நினைக்காது, அக்கரைப்பற்று பஸ் வந்திட்டு எண்டு எழும்பி ஓடப் போகுது." சிரிச்சன், ஆனா உள்ளுக்குப் பயம். குளிச்சி, ஒளு எடுத்து, பெருநாள் சேட்டப் போட்டு, தொப்பியும் போட்டு மேசைக்கு முன்னால குந்தினன். அமத்தினன். இணைப்பு இல்ல எண்டது. ரவுட்டர நிப்பாட்டிப் போட்டன். இணைப்பு இல்ல. யா அல்லாஹ், கார் விழுந்திருக்கு எண்டு சொல்லவாவது வந்த நெட்டு, அண்டைக்கு எண்டு பாத்து முழுக்கச் செத்துப் போச்சு.

நீ சொன்னாய், "பரவால்ல வாப்பா, இந்தக் கோல்லயே சொல்லுங்க, நான் போனக் காதுல வெக்கிறன்." ஏலாது எண்டன். புடிவாதம் எண்டு நீ நினைச்சிருப்பாய். உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு மகன். நீ பொறந்த அண்டு வெள்ளம். ரோட்டெல்லாம் தண்ணி. என்ட வாப்பா சாரனத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதுல இருந்து நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வந்தவரு உன்னத் தூக்கல்ல. முதல்ல ஒரு துவாய் கேட்டாரு. கைய ஈரமில்லாமத் துடைச்சாரு, உள்ளங்கை ரெண்டையும் தேச்சுச் சூடாக்கினாரு. பொறகு அந்தக் கையக் குவிச்சி உன்ட வலக் காதச் சுத்தி வெச்சிக்கொண்டு, அதுக்குள்ளதான் வாங்கு சொன்னாரு. வார்ட்டுல பக்கத்துக் கட்டில்ல ஆள் கதைக்குது, வெளியில மழை கொட்டுது, ஒண்டும் உன்ட காதுக்குப் போகல்ல. "புள்ள கேக்குற முதல் சத்தம், காத்துல சிந்தக் கூடாது" எண்டாரு. நீ நடக்கப் பழகுறதுக்கு முந்தி அவரு மௌத்தாயிட்டாரு. நான் சொல்லுற வாங்கு ஒரு காதுக்குள்ள போகுதா, காத்துல சிந்துதா எண்டு பாக்காமச் சொல்ல எனக்கு மனம் வரல்ல. எனக்கு அந்தக் காதப் பாக்க வேணும், அவ்வளவுதான். நீ பெருமூச்சு விட்டாய். "சரி வாப்பா, நான் சொல்லுறபடி செய்யுங்க. இங்க பின்னேரம் அஸர் வரைக்கும் பாப்பம். அதுக்கு மேல புள்ளைய வெச்சிருக்கக் கூடாது, நான் சொல்லிடுவன்" எண்டாய்.

பொறகு நீ போனுக்குள்ள இருந்து படிப்பிச்சாய், நான் படிச்சன். நெட் வயரக் கழட்டச் சொன்னாய், வெளியில இருந்து ஒண்டும் வரப்படாதெண்டு. கொம்பியூட்டர நிப்பாட்டி, அதுக்குத் தேவையான ஒண்டு ரெண்டு சாமானோட மட்டும் எழும்புற மாதிரி எழுப்பச் சொன்னாய். வைரஸ் புடிக்கிறத முழுசா ஓட விடச் சொன்னாய். அது கறுமுறு எண்டு தேடி முடிச்சி வரிசையாப் பேர் காட்டினது. "வாசிங்க வாப்பா." நான் எல்லாத்தையும் வாசிச்சன், ஒண்ட மட்டும் விட்டிட்டன். "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான்." எல்லாத்தையும் அழிச்சி, திரும்ப எழுப்பி, திரும்பத் தேடினா, அழிச்சதெல்லாம் பழையபடி வந்து குந்தியிருக்கு. நீ அங்க தலையப் பிச்சிக்கொண்டாய். உன்ட உம்மாதான் பொறுக்கேலாமப் போன வாங்கி, "மகன், உன்ட வாப்பா ஒண்ட மறைக்காரு, வாங்கு சொல்லுற ஒண்டு இருக்கு" எண்டு போட்டுக் குடுத்தா. நீ சிரிப்பாய் எண்டு நினைச்சன். நீ சிரிக்கல்ல. "அத எந்த ஊரு நேரத்துக்கு வெச்சிருக்கீங்க வாப்பா?" எண்டு கேட்டாய். "உன்ட ஊருக்கு" எண்டன். அந்த நேரம் பாத்து அது லுஹர் வாங்கு சொல்லத் தொடங்கினது. கொம்பியூட்டர்ல இருந்து கையெடுத்துப் போட்டு அது முடியுமட்டும் இருந்தம். அது முடியக்குள்ள போனுக்குள்ளால தூரத்துல இன்னொரு வாங்கு கேட்டது, உன்ட ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளி. அது கணீரெண்டு இல்ல, காத்துல வளைஞ்சி வளைஞ்சி வந்தது, இடையில ஒரு வாகனம் ஹோன் அடிச்சது. இவ்வளவு நாளும் நான் அதக் கேட்டதே இல்ல எண்டு அப்பதான் விளங்கினது. "அழிங்க வாப்பா" எண்டாய் மெல்லமா. "வாங்கு ஒண்டும் அழியாது." பிஸ்மி சொல்லித்தான் அமத்தினன். உன்ட உம்மா அங்கால திரும்பிக்கொண்டா.

அதோட முடிஞ்சி எண்டு நினைச்சன். திரும்பத் தேடினா ஒண்டும் இல்ல, சுத்தம். வயரப் பூட்டினன், ரவுட்டர்ல பச்சை எரியுது, ஆனா ஒரு பக்கமும் திறக்குதில்ல. எனக்கு வந்த கோவத்துக்கு மேசையில ஓங்கி ஒரு அடி. "கள்ளன அடிச்சிக் கலைச்சாச்சே, இன்னும் என்ன கேடு இதுக்கு?" எண்டு கத்தினன். நீ பதறல்ல. போறது வாறதெல்லாம் தனக்குள்ளால போகச் சொல்லி அது ஒரு வழிய எழுதி வெச்சிருந்தது, அது செத்தாலும் அந்த வழி அழியல்ல, கொம்பியூட்டர் இன்னும் அந்தச் செத்த இடத்தத்தான் தட்டிக்கொண்டு நிக்குது எண்டு சொன்னாய். அட, இது வயல் வட்டைக்குள்ள நடக்குற கதைதானே! இரவோட இரவா வாய்க்கால மறிச்சி தன்ட வயலுக்குத் தண்ணி திருப்பினவன் ஓடிட்டான், அவன் போட்ட மண் கட்டு மட்டும் கிடக்கு. கட்ட வெட்டி விடாம நம்மட வயலுக்கு எங்கால தண்ணி வரும்? அண்டைக்கு எனக்கு அது நல்லா உறைச்சது மகன். கெட்டதக் கலைச்சவுடன எல்லாம் நேராகிடும் எண்டு நாம நினைக்கிறம். அது வளைச்சி விட்ட பழக்கங்கள் பொறகும் வளைஞ்சபடிதான் கிடக்கும். அத இருந்து நிமித்துறதுக்குத்தான் பொறுமை வேணும், கோவத்தால அது ஏலாது.

புரொக்சி எண்டு ஒண்டு 'ஒன்'னுல கிடந்தது, அத நிப்பாட்டினன். பொறகு திரையில ஒரு கறுப்புப் பெட்டியத் திறக்க வெச்சி இங்கிலீசுல அடிக்கச் சொன்னாய். போன்ல எழுத்துச் சொன்னா எனக்கு எது எது எண்டு விளங்குமா? அப்ப நீ ஒரு வேலை பாத்தாய். "வாப்பா, பஸ்ஸுக்கு முன்னால இருக்கிற ஊர்ப் பேர்ப் போட்ட நினைச்சிக்கொள்ளுங்க. நிந்தவூர்ட இங்கிலீசு முதல் எழுத்து. ஏறாவூர்ட முதல் எழுத்து. திருகோணமலை. சம்மாந்துறை. ஹட்டன்." சின்ன வயசுல உன்னப் பஸ்ஸில முன் சீட்டுல இருத்தி, எதிர வாற பஸ் போட்டையெல்லாம் காட்டிக் காட்டி நான் படிப்பிச்ச எழுத்து அது. நீ வாசிக்காம விட்டா டொபி இல்ல எண்டு வெருட்டுவன். இப்ப நீ அங்க இருந்து கூப்பிடுறாய், நான் இங்க ஏறுறன். கொழும்புக்குக் கல்முனைட எழுத்த அடிச்சி ஒருக்கா ஏச்சு வாங்கினதும் நாந்தான். இறக்காமம், ஒலுவில் எண்டு கண்ட பாட்டுக்கு ஊரூரா அடிச்சி முடிச்சி, நிப்பாட்டி, திரும்ப எழுப்பினன். உன்ட உம்மா யாசீன் ஓதிக்கொண்டு நிண்டா. உன்ட அஸருக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வாங்கு சொல்லிக் காட்டத்தான் இனி ஊட்டுல ஒண்டும் இல்லையே, மணிக்கூட்டப் பாத்துப் பாத்துக் குந்தியிருந்தம். திரை வெளிச்சம் வந்து, கொஞ்சம் சுத்தி, நீ தெரிஞ்சாய். தாடி வளந்து, கண்ணு சிவந்து, மடியில ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. நீ கொம்பியூட்டரப் புள்ளைட வலப் பக்கம் கிட்டக் கொண்டு வந்தாய். நான் எழும்பி நிண்டு மக்காப் பக்கம் கிப்லாவப் பாத்து, கண்ண மட்டும் திரையில வெச்சிக்கொண்டு வாங்கு சொல்லத் தொடங்கினன். தொண்ட கரகரத்தது, ஆனா வந்தது. அங்க ஆரோ கதவத் திறந்து கதைச்சிக்கொண்டு உள்ளுக்கு வந்தாங்க போல. நீ தலைய நிமித்தல்ல. உன்ட கையச் சேட்டுல துடைச்சாய். உள்ளங்கைய வாயில வெச்சி ஒருக்கா ஊதிச் சூடாக்கினாய். பொறகு அந்தக் கையக் குவிச்சி, புள்ளைட காதச் சுத்தி வெச்சாய். ஆரு மகன் உனக்குச் சொல்லித் தந்தது? நான் சொல்லல்ல. உன்ட உம்மாக்கே தெரியாது, அவ அண்டு மயக்கத்துல கிடந்தா. தெரிஞ்ச மனிசன் நான் மட்டும்தான், நான் வாயத் திறந்ததில்ல. வாங்குல, தொழுகைக்கு வாருங்கள் எண்டு கூப்பிடுற அந்த இடத்துக்கு வந்திட்டன். வாழ்நாள் முழுக்க ரோட்டுல நிண்டு ஆள் கூப்பிட்டவனுக்கு அண்டைக்கு ஒரு சொல்லுக் கூப்பிட ஏலாமப் போச்சு. நீ காணக் கூடாதெண்டு வயரப் பாக்குற மாதிரி மேசைக்குக் கீழ குனிஞ்சன். கீழ இருந்து வயரையும் புடிச்சிக்கொண்டு சின்னப் புள்ள மாதிரி அழுதன். மேல நீ ரெண்டு தரம் வாப்பா வாப்பா எண்டு கூப்பிட்டாய். பொறகு, புள்ளைய இடையில விடப்படாதெண்டு, நான் விட்ட இடத்துல இருந்து நீ தொடங்கினாய். மிச்ச வாங்கு நான் மேசைக்குக் கீழ இருந்துதான் கேட்டன். இடக் காதுக்கு இகாமத்தும் நீயே சொன்னாய். உன்ட உம்மா எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவ, முந்தானையால என்ட தொப்பியில ஒட்டியிருந்த தூசியத் துடைச்சி விட்டா.

இப்ப ஊட்டுல அஞ்சு வாங்குதான். முதல் கிழமை உன்ட உம்மாக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. நேத்து சோறு திண்டு போட்டுப் பாயில சாஞ்சிருக்கா, கிணத்துக் கட்டு நிழல் தென்னையடிக்கு வந்ததப் பாத்திட்டு "இஞ்ச பாருங்க, இப்ப அவனுக்கு லுஹர்" எண்டா. மணிக்கூட்டப் பாத்தன், சரியாத்தான் இருந்தது. கொம்பியூட்டரும் நல்லா ஓடுது, காரும் விழல்ல, எண்ணெயும் வரல்ல. வெள்ளிக்கிழமை புள்ளையக் காட்டக்குள்ள வலக் காதுப் பக்கமாக் கொஞ்சம் காட்டு.

ஒண்டு மட்டும் கேக்கிறன் மகன். அவன் வளந்து, என்ட காதுல வாங்கு சொன்னது ஆரு எண்டு கேட்டா, நெட் கட்டான கதையச் சொல்லாத. உன்ட வாப்பாட வாப்பா பாதி சொன்னாரு, அதுக்கு மேல அவரால ஏலாமப் போச்சு, மிச்சத்த நான் சொன்னன் எண்டு உள்ளதச் சொல்லு. சொல்லக்குள்ள கையக் குவிச்சிக் காட்டு. அவனும் ஒரு நாளைக்கு உன்ட மிச்சத்தச் சொல்ல வேண்டி வரும்.

உன்ட வாப்பா